செவுள் பார்த்து எடுத்த புத்தகம்

பனியில் நனைந்த நூலகப் புத்தகத்தை "ஹீற்றர்" மேல் காய வைத்தால் ஒரு மணம் வரும். அட்டையின் பிளாஸ்ரிக் உறை சூடேறி இளகும் மணமும், பலர் கைபட்ட தாளின் மணமும், பக்கத்திலேயே காய்கிற கம்பளிக் கையுறைகளின் ஈர மணமும் ஒன்றாகக் கலந்து, அந்தச் சின்ன வீடு முழுவதும் பரவி, அம்மா தாளிக்கிற கறிவேப்பிலையோடு போட்டி போடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்துப் பார்க்டேலில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒற்றை அறை வீட்டில் நாங்கள் கழித்த முதலாவது குளிர்காலம் என் நினைவில் அந்த மணமாகத்தான் தங்கியிருக்கிறது. நனைந்த தாள்கள் காய்ந்தபின் அப்பளம் போலப் பொங்கி நிற்கும். திருப்பிக் கொடுக்கும்போது தண்டம் கேட்பார்களோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் எதற்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிற பிள்ளை. இப்போதும் அப்படித்தான், வயது மட்டும் கூடியிருக்கிறது.

எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. அம்மாவோடு நாங்கள் இருவரும் கனடா வந்து சேர்ந்துவிட்டோம். அப்பா வந்து சேரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும், அங்கிருந்து தாய்லாந்துக்கும் நான்கு பேராகத்தான் வந்தோம். அங்கே விமான நிலையத்தில் எங்களைக் கூட்டிவந்த "ஏஜென்ற்" அம்மாவையும் பிள்ளைகளையும் ஒரு வரிசையிலும் அப்பாவை இன்னொரு வரிசையிலும் நிற்கச் சொல்லி, என்ன நடந்தாலும் ஒருவரையொருவர் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வெருட்டி வைத்திருந்தார். எங்கள் வரிசை நகர்ந்தது. அப்பாவின் வரிசை நின்றுவிட்டது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. விமானம் ஏறி இருந்த பிறகுதான் அப்பா ஏறவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு அப்பா அங்கேயே ஓர் அறையில், வேறு பலரோடு, அடுத்த வழி திறக்கும்வரை காத்திருந்தார். எப்போதாவது ஒரு கடையிலிருந்து தொலைபேசி எடுப்பார். எப்போது எடுப்பார் என்பது அவருக்கே தெரியாதபடியால், அம்மா ஒரு ஹொட்டேலின் "லோண்டிறி"யில் படுக்கை விரிப்புகள் மடிக்கிற வேலை முடிந்து வந்ததும், சுவரில் மாட்டியிருந்த தொலைபேசிக்குக் கீழே நிலத்தில் இருந்துவிடுவார். சமைப்பார், எங்களுக்குப் போடுவார், தான் சாப்பிட மாட்டார். கேட்டால் "பசிக்கேல்லை" என்பார். ஒரு கட்டத்தில் சமைப்பதும் குறைந்து, நாங்கள் பாணும் "ஜாம்"மும் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினோம். ஊரில் இருந்தபோது அம்மா சிரிக்கிற சத்தம் ஒழுங்கை முனைவரை கேட்கும் என்று அப்பா பகிடி பண்ணுவார். அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக் கமலா அன்ரி எங்களுக்குச் சில வருடங்கள் முன்பே வந்தவர். இந்த நாட்டுச் சட்டதிட்டமெல்லாம் தெரிந்தவர் என்று பெயர். ஒருநாள் கறிச்சட்டியோடு வந்தவர் அம்மா இருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் பக்கத்தில் நிற்பதையும் பாராமல் சொன்னார்: "உப்பிடியே சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்தீரெண்டால் பள்ளிக்கூடத்துக்காரர் மணந்து பிடிச்சிடுவாங்கள். தாய்க்குச் சுகமில்லையெண்டு சொல்லிப் பிள்ளையளைக் கொண்டுபோய் வேறை வீட்டிலை விட்டிடுவாங்கள். இஞ்சை உது நடக்கிறது, தெரியுமே?"

அம்மா "ஓம்" என்று தலையாட்டினார், அவ்வளவுதான். நான்தான் அன்றிலிருந்து காவலுக்கு நின்றேன். வகுப்பாசிரியை "வீட்டில் எல்லோரும் நலமா?" என்று சும்மா கேட்டால்கூட, உளவு பார்க்கிறார் என்று நினைத்து, அம்மா நேற்று என்னென்ன கறி சமைத்தார் என்று இல்லாத கறியெல்லாம் சொல்லிவைத்தேன். பள்ளிக்கூடத்தில் "ஜாம்" என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று தம்பிக்குக் கட்டளை. அப்பா வந்து சேரும்வரை அம்மா விழுந்துபோகக் கூடாது. விழுந்தால் தம்பி ஒரு வீட்டில், நான் ஒரு வீட்டில். அந்தக் குளிர்காலம் முழுவதும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இது ஒன்றுதான்.

அந்த நேரத்தில்தான் "ஆட்டுக்காரர்" எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு ஆங்கில எழுத்தாளர். பள்ளியிலிருந்து எங்களைக் கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போனபோது, பின்னட்டையில் மெலிந்த மனிதர் ஒருவர் ஓர் ஆட்டின் தோளில் கைபோட்டபடி, குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல் மிடுக்காக நிற்கும் புத்தகம் ஒன்றைக் கண்டு, அந்த ஆட்டுக்காகவே எடுத்து வந்தேன். மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் உலவுகிற ஒரு ராச்சியத்தைப் பற்றிய கதைகள் அவருடையவை, ஆனால் அங்கே எல்லாமே கோணலாகத்தான் நடக்கும். அரண்மனை மந்திரவாதி சொல்கிற மந்திரம் மூன்று கிழமை பிந்தித்தான் வேலை செய்யும்; வெயில் காலத்தில் மழை கேட்டால் அது சரியாக யாருடையதாவது கலியாண நாளில் கொட்டும். நெருப்புக் கக்கும் பறவைநாகத்துக்கோ கிட்டப்பார்வை.

ஒரு பின்னேரம், அம்மா நிலத்திலிருந்து எழும்பவே மாட்டார் போலிருந்த ஒரு பின்னேரம், சத்தமில்லாத வீட்டைத் தாங்கமுடியாமல் நான் தம்பிக்கு அந்தக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். இளவரசியைத் தூக்கப்போன பறவைநாகம் கண் சரியாகத் தெரியாமல் அரண்மனையில் உடுப்புத் தோய்க்கிற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. காப்பாற்ற வந்த படைவீரர்களிடம் அவள் வர மாட்டேன் என்கிறாள். குகைக்குள் இதமான சூடு, துணி காயப்போட மழையைப் பார்க்கத் தேவையில்லை, மேற்பார்வை பார்க்க யாரும் இல்லை, இந்த வேலையை விட்டுவிட்டு நான் எதற்கு வரவேண்டும் என்று கேட்கிறாள். தொலைபேசிக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது: "அங்கை இன்னொராளுக்கு வேலை இருக்குமோ எண்டு கேட்டுச் சொல்லு." சொல்லிவிட்டு அம்மா சிரித்தார். ஒழுங்கை முனைவரை கேட்கிற சிரிப்பு இல்லை, அடுத்த அறைக்குக் கேட்கிற அளவுதான். ஆனால் அன்றைக்கு அம்மா ஒரு கோப்பை சோறு சாப்பிட்டார்.

அதோடு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. பள்ளி இடைவேளையில் நான் முன்கூட்டியே வாசித்து வைத்துக்கொள்வேன். அம்மா வேலையால் வந்து தேநீர் ஊற்றி, வெங்காயமோ கத்தரிக்காயோ வெட்டத் தொடங்கியதும், நான் நேற்று விட்ட இடத்திலிருந்து தமிழில் சொல்வேன். அம்மா குறுக்கே கேள்வி கேட்பார். "அந்த மந்திரவாதிக்குப் பென்சன் இருக்கோ?" என்பார். "ஆட்டுக்காரர் கலியாணம் செய்தவரோ, இல்லாட்டில் ஆடு மட்டும்தானோ?" என்பார். கதை நடக்கிற நாட்களில் காய் வெட்டப்படும், காய் வெட்டினால் கறி வைக்கப்படும், கறி வைத்தால் அம்மாவும் எங்களோடு இருந்து சாப்பிடுவார். இந்தச் சங்கிலியில் ஒரு வளையம் கழன்றாலும் எல்லாம் போய்விடும் என்று நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, பயந்தேன் என்பதே சரி.

பிரச்சினை என்னவென்றால், ஆட்டுக்காரர் எழுதிய புத்தகங்கள் நூலகத்தில் ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லை. கடைசிப் புத்தகத்தை எடுத்தபோதே, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பக்கங்களை விரலால் அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டேன். ஒருநாளைக்குச் சொல்கிற அளவைக் குறைத்தேன். ஏற்கெனவே சொன்னதையே சுற்றிச் சுற்றிச் சொன்னேன். "என்னடி, உன்ரை பறவைநாகம் ஒரு கிழமையா ஒரே மலையிலை நிக்குது" என்று அம்மா கேட்டார். அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில், ஆசிரியர் தன் ஆட்டோடு இன்ன ஊரில் வாழ்ந்தார் என்று இருந்தது. வாழ்கிறார் என்று இல்லை. நான் நூலகத்துக்கு ஓடிப்போய், சிவப்புச் சட்டக் கண்ணாடி போட்ட நூலகரிடம் கேட்டேன். அவர் மெதுவாக, ஒரு பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல், அவர் இறந்து சில வருடங்களாகிவிட்டன, இனிப் புதிதாக ஒன்றும் வராது என்று சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்தவருக்காக அழவில்லை, எங்களுக்காகத்தான் அழுதேன்.

நூலகர் பாவம், என்னைத் தேற்றுவதற்காக, இதே மாதிரியான வேறு எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று ஒரு அடுக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார். "இதே மாதிரி" என்பது எவ்வளவு பெரிய பொய் என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு எழுத்தாளரை ஏன் பிடித்தது என்பது நமக்கே விளங்காதபோது அவரைப் போல இன்னொருவரை எப்படித் தேடுவது? நான் அட்டையைப் பார்த்துத் தேடினேன். பறவைநாகம் இருந்தால் சரி என்று நினைத்தேன்.

முதலில் எடுத்தது செங்கல் பருமனான ஒன்று. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு குடிவெறிக் குள்ளன் வந்து இரண்டொரு பகிடி விட்டான். அந்த நம்பிக்கையில், அன்று பள்ளியில் பரீட்சை இருந்தபடியால் முன்கூட்டி வாசிக்காமலேயே பின்னேரம் சொல்லத் தொடங்கிவிட்டேன். பக்கத்தைத் திருப்பினால் பறவைநாகம் ஒரு கிராமத்தை எரிக்கிறது. சனங்கள் கையில் அகப்பட்டதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, இருட்டில் தண்ணீரைக் கடந்து ஓடுகிறார்கள். வாயால் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நாங்கள் ஊரைவிட்டு வந்த இரவுக்குத்தான் போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. அம்மாவின் கத்தி நின்றது. பாதி வெட்டிய வாழைக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் போய்த் தொலைபேசிக்குக் கீழே இருந்தார். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை.

அந்த இரண்டு நாட்களும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கதவு தட்டப்பட்டபோதெல்லாம் கோட்டுப் போட்ட யாரோ எங்களைக் கொண்டுபோக வந்து நிற்கிறார்கள் என்றே எண்ணினேன். ஒருமுறை தம்பியைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டியும் விட்டேன். வந்தது கமலா அன்ரி, புட்டோடு.

அடுத்த புத்தகம் முழுக்க முழுக்கச் சொற்களை வைத்து விளையாடுகிற ஒன்று. ஆங்கிலத்தில் வாசித்து நான் விழுந்து விழுந்து சிரித்தது, தமிழில் சொன்னால் ஆறிப்போன தேநீராகிவிடும். ஒரு பகிடியை விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் தம்பி நித்திரையாகிவிடுவான். அதற்கடுத்தது இன்னொரு விதம். அதில் குண்டானவர்களையும் கொன்னை பேசுகிறவர்களையும் வைத்தே எல்லாப் பகிடியும். நான் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு வெங்காயத்தை ஒருபக்கம் தள்ளி வைத்தார்.

"உதை நிப்பாட்டு. உவன் ஆக்களைப் பாத்துச் சிரிக்கிறான். ஆட்டுக்காரர் ஆக்களோடை இருந்தெல்லோ சிரிச்சவர்."

பின்னாளில் இலக்கியம் பற்றி எத்தனையோ பெரிய கட்டுரைகள் வாசித்திருக்கிறேன். நகைச்சுவை பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அது எனக்கு இலக்கியமாகப் படவில்லை, தோல்வியாகத்தான் பட்டது. மூன்றும் பிழையாகிவிட்டன. நான் பயந்தது நடக்கப்போகிறது என்று முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா, மீன் வாங்க அனுப்பிய பிள்ளை பழுதான மீனோடு வந்து நிற்கும்போது சொல்கிற அதே குரலில் சொன்னார்: "நீ தெரிஞ்செடுக்கிறது சரியில்லை. நாளைக்கு வேலை முடிஞ்சு நேரை அங்கை வாறன். தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து நில்லு."

அம்மா வேலைக்கும் மளிகைக்கும் தவிர வேறெங்கும் போகாதவர்; அந்த நேரம் பார்த்து அப்பா தொலைபேசி எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். "போனுக்குக் கமலாவை இருக்கச் சொல்லுறன்" என்றார். கமலா அன்ரி பின்னல் ஊசியும் கையுமாக எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குக் காவல் இருக்க, அம்மா லோண்டிறிச் சீருடைக்கு மேலே போட்ட குளிர்ச்சட்டையோடு நூலகத்துக்கு வந்து இறங்கினார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் கடைப்பெயர் வாசிக்கிற அளவுதான் வரும். ஆனால் ஊர்ச் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனும் வாங்கியறியாதவர். மேலால் பார்த்தால் எல்லா மீனும் மினுங்கும், செவுளுக்குள்தான் உண்மை இருக்கும் என்பது அவர் கொள்கை. புத்தகத்துக்குச் செவுள் எங்கே இருக்கிறது என்று அவர் வரும் வழியிலேயே யோசித்து முடித்திருக்க வேண்டும். தட்டிலிருந்து ஒரு அடுக்குப் புத்தகத்தை அள்ளிக்கொண்டு நேரே போய்ச் சிவப்புக் கண்ணாடிக்காரியின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "உவவை இந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்லு. சத்தமாய் வேண்டாம், மனதுக்குள்ளை."

நான் வெட்கத்தால் செத்துப்போனேன். ஆனாலும் மொழிபெயர்த்தேன். நூலகர் முதலில் குழம்பினார், பிறகு, இது ஏதோ எங்கள் நாட்டு வழக்கம் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாக வாசிக்கத் தொடங்கினார். அம்மா அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் புத்தகத்துக்கு நூலகர் உதட்டால் சிரித்தார். "உது மரியாதைச் சிரிப்பு, அங்காலை வை" என்றார் அம்மா. அடுத்ததற்குப் புருவம் மட்டும் ஏறியது. "வேண்டாம்." இன்னொன்றுக்குச் சிரிப்பு வந்து உடனே போய்விட்டது. "முதல் நாள் மட்டும் நல்லாய் இருக்கும்." தம்பி எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வரிசையில் புத்தகம் திருப்பிக் கொடுக்க நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள்.

மெல்லிய, அழுக்கு நீல அட்டை போட்ட ஒன்றில்தான் அது நடந்தது. வாசித்துக்கொண்டிருந்த நூலகரின் தோள் குலுங்கியது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது. நூலகத்தில் தானே சத்தம் போட்டுவிட்டதை உணர்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அம்மா எழும்பிவிட்டார். "கேக்காமல் பக்கம் திருப்பினாவெல்லோ? உதை எடு." நூலகர் புத்தகத்தை விட மனமில்லாமல்தான் கொடுத்தார்.

அந்தக் கதையில் ஒருவர் இறந்துபோகிறார். இறந்தவர்கள் போகிற நகரத்தின் வாசலில் ஒரு கந்தோர், அரசாங்க அலுவலகம் மாதிரி. பேயாக உலவ வேண்டுமென்றால் அங்கே அனுமதி எடுக்க வேண்டும். இறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று எழுதுவினைஞர் கேட்கிறார். வீடு எரிந்தபோது எல்லாப் பத்திரமும் எரிந்துவிட்டது என்கிறார் இவர். சுவருக்குள்ளால் கையை விட்டு மறுபக்கம் எடுத்துக் காட்டுகிறார். அது எங்கள் அத்தாட்சிப் பட்டியலில் இல்லையே, நீங்கள் இறந்ததைக் கண்ட இரண்டு பேரைக் கூட்டிவாருங்கள், அவர்கள் உயிரோடு இருக்கக் கூடாது என்கிறார் எழுதுவினைஞர். அந்த இடத்தில், அடுப்படியில் நின்று கேட்ட அம்மா கையிலிருந்த அகப்பையோடு சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்தார். கமலா அன்ரி என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அவருக்கும் சொல்லவேண்டியதாயிற்று, அவரும் சிரித்தார். "உதை எழுதினவர் எங்கடை ஆளோ? ஆரோ எங்கடை ஆக்கள்தான் உவருக்குச் சொல்லிப்போட்டினம்" என்றார் அம்மா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. அப்பாவின் அழைப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் போகும்: சுகமோ என்று அவர் கேட்பார், சுகம் என்று அம்மா சொல்வார், பிறகு இரண்டு பக்கமும் அழுகை, அதற்குள் காசு முடிந்து வெட்டிவிடும். அன்று அம்மா, "இஞ்சை, ஒரு பகிடி கேளுங்கோ" என்று தொடங்கினார். ஏஜென்ற் என்ன சொன்னார், எப்போது வழி கிடைக்கும் என்று கேட்காமல் பேய்க்கதை சொல்லி அந்த நேரத்தை வீணாக்குகிறாரே என்று அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார். உயிரோடு இல்லாத சாட்சிகள் வரையும் சொல்லிவிட்டார். மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. அப்பா அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா தொலைபேசியை எங்கள் காதில் வைத்தார்; அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்த யாருக்கோ திருப்பிச் சொல்லிக்கொண்டும் இருந்தார். "பிறகு? அவனுக்குக் குடுத்தவங்களோ?" என்று கேட்டார். "மிச்சம் இஞ்சை வந்தால்தான்" என்றார் அம்மா. அதோடு வெட்டிவிட்டது.

அப்போது மிச்சம் எங்களுக்கே தெரியாது. அடுத்த கிழமை புத்தகம் முடிந்தபோதுதான் வந்தது வினை. பேய்க்கு அனுமதி கிடைக்கவில்லை. இவ்வளவு காலம் நம்பிக்கையோடு வரிசையில் நிற்கிற ஒருவர் இறந்தவராக இருக்க முடியாது என்று சொல்லி மறுத்துவிடுகிறார்கள். அவர் வாசலிலேயே தேநீர்க் கடை ஒன்று போட்டு, வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார். எழுதியவர் அதையும் பகிடியாகத்தான் எழுதியிருந்தார், நானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "உதையோ நான் அவருக்குச் சொல்லுறது?" என்றார். கொஞ்சம் கழித்துத் தனக்குத்தானே, "ஏன்தான் சொல்லத் தொடங்கினனோ" என்றார்.

அதன் பிறகு அப்பாவிடமிருந்து அழைப்பே இல்லை. கிழமைகள் போயின. பனி கரைந்து தெருவெல்லாம் சேறானது. கதைதான் இப்படிச் செய்துவிட்டது, பாதியில் விட்டது தரித்திரம் என்று நானும் நம்பத் தொடங்கினேன். ஆனால் அம்மா சாப்பிட்டார், வேலைக்குப் போனார். நீல அட்டைக்காரர் அந்த ஒரு புத்தகத்தோடு நிறுத்திவிட்டார் என்று தெரிந்ததும், சனிக்கிழமைதோறும் எங்களையும் இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போய், சிவப்புக் கண்ணாடிக்காரிக்கு முன்னால் இருந்து அடுத்த புத்தகத்துக்குச் செவுள் பார்த்தார். சில நல்லதாக அமைந்தன, சில அமையவில்லை. அமையாதவற்றைப் பற்றி அவர் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. "போகட்டும், இன்னொண்டு பாப்பம்" என்பார்.

வசந்தகாலம் முடிகிற நேரம், அமெரிக்க எல்லையிலிருந்து அப்பா பேசினார். கமலா அன்ரியின் கணவர் தன் "வான்"இல் எங்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனார். எல்லைக் கந்தோர் வாசலில் நின்ற மனிதரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி, கழுத்து எலும்பு, யாரோ கொடுத்த பெரிய சட்டை. தம்பி அம்மாவின் பின்னால் போய்விட்டான். திரும்பி வரும்போது வானுக்குள் எங்கே தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. வீதியோரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்த அப்பா, அம்மாவின் பக்கம் திரும்பாமல் கேட்டார்: "அந்தப் பேய்க்குக் குடுத்தவங்களோ?"

அம்மா என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அப்பா இனித்தான் ஒரு கந்தோரில் போய் நிற்க வேண்டும், இனித்தான் அவருக்கு அகதி விசாரணை.

"குடுத்தவங்கள்" என்றார் அம்மா.

"உண்மையாயோ? எப்ப?"

"அடுத்த நாளே."

தம்பி வாயைத் திறந்தான். நான் அவன் தொடையில் பலமாகக் கிள்ளினேன். "எந்தப் பேய்க்கு?" என்று அங்கிள் வானை ஓட்டியபடியே கேட்க, அப்பா அன்று தொலைபேசியில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார்.

அப்பாவுக்கும் பத்திரம் கிடைத்தது, அடுத்த நாளே இல்லை, வெகுகாலம் சென்று. நாங்கள் அஜின்கோர்ட் பக்கம் வீடு மாறினோம். பிறந்தநாள் கொண்டாட்டங்களில், வீடுகளின் நிலவறைகளில் வைக்கிற விருந்துகளில், அப்பா அந்தப் பேய்க்கதையைச் சொல்லாத நாளில்லை. எழுதுவினைஞரின் குரலை அவர் எடுக்கும்போது, இந்த நாட்டில் ஒரு முறையாவது வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரிப்பார்கள். "அடுத்த நாளே குடுத்திட்டாங்கள்" என்று முடித்ததும் கைதட்டுவார்கள். அந்த இடத்தில் நான் எப்போதும் அம்மாவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பேன். அப்பாவுக்கு உண்மை தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு வளர்ந்த பிறகும் போகவில்லை.

அப்பா இறந்து இரண்டு வருடமாகிறது. அழைப்பைப் பாதியில் வெட்டுகிற தொலைபேசிகள் இல்லை. பார்க்டேல் கட்டடத்தில் எங்களவர் யாரும் இப்போது இல்லை. நூலகத்தில் அந்த நீல அட்டைப் புத்தகத்தை எப்போதோ கழித்து விட்டார்களாம். கணினியில் தேடினாலும் அகப்படவில்லை. "இதைப் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்" என்று திரை எனக்கு நாள்தோறும் புத்தகம் சொல்கிறது. யாருக்கு, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது என்று அதைக் கேட்க முடியாது. சென்ற மாதம் எனக்குப் பிடித்த ஒருவரின் கடைசிப் புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டு, பழைய பதற்றம் பிடித்து, அம்மாவோடு இதையெல்லாம் கதைத்துக்கொண்டிருந்தேன். பேய்க்கு அனுமதி கிடைக்கவில்லை என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாமல் போனதே நல்லது என்றேன்.

"ஆர் சொன்னது தெரியாதெண்டு?" என்றார் அம்மா. "விசாரணைக்கு முதல் கிழமை, டிக்சனரியையும் வைச்சுக்கொண்டு அந்த நீலப் புத்தகத்தை இருந்து வாசிச்சு முடிச்சவர்."

"பிறகு என்ன சொன்னவர்?"

"புத்தகத்தை மூடிப்போட்டு என்னைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தவர். நான் சோத்தைப் போட்டனான்."

அதற்குப் பிறகுதான் அப்பா அந்தக் கதையை வெளியாட்களுக்குச் சொல்லத் தொடங்கினாராம், எப்போதும் அம்மா சொன்ன முடிவோடு.